சத்துரு ஒதுக்கீடு

நல்லதம்பிக்கு முதல் அறை வலது கன்னத்தில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பதினொன்றே கால் மணிக்கு, தென்காசியில் வேதக்கோயிலை ஒட்டிய சபை மண்டபத்தில் இது நடந்தது. அறைந்தவர் மேல் நல்லதம்பிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வேதமாணிக்கம் வாத்தியார் வீரகேரளம்புதூரில் இருந்து பஸ் பிடித்து வந்த வெளித்தேர்வாளர். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். உள்ளங்கை முறம் மாதிரி இருந்தது. அறைவதற்கு முன் "பேரு? சபை எண்?" என்று முறையாகக் கேட்டார். நல்லதம்பி சொல்லி வாயை மூடுவதற்குள் விழுந்துவிட்டது.

நல்லதம்பி மறு கன்னத்தைக் காட்டினான். அதிலும் விழுந்தது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது.

"முகத்தைச் சுளிச்சீரு," என்றார் வேதமாணிக்கம், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டே. "அரை மார்க் போச்சு. மறு கன்னத்தைக் காட்டதுக்கு நாலு செகண்டு எடுத்தீரு. அதுல ஒரு மார்க். போனதடவை ஒரு அம்மா ரெண்டு செகண்டுல காட்டினா."

"தலை சுத்திட்டு சார்."

"அது ரெக்கார்டு நோட்டுல 'காண்பன'ன்னு இருக்கும் பாரும், அதுல எழுதும்."

ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, சதுர லேபிள் ஒட்டி, ஒவ்வொரு குடும்பத் தலைவரும் வைத்திருக்க வேண்டியது. முதல் சோதனையின் பக்கம் இப்படி இருந்தது. நோக்கம்: அறைந்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்டுதல். தேவையான பொருள்கள்: கன்னம் இரண்டு, கை ஒன்று (தேர்வாளருடையது). செய்முறைக்குப் பாதிப் பக்கம், காண்பனவற்றுக்கு நாலு வரி, கடைசியில் முடிவு. முடிவைச் சபைச் செயலரே முன்கூட்டி அச்சடித்திருந்தார்: 'எனவே, நான் ஆவியில் வளர்ந்தேன்.'

சபைச் செயலர் ஞானசிகாமணி சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சபைக் கமிட்டியில் பதினோரு பேர். பதினோரு பேரும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் போனபின் அடிக்கப் பிள்ளைகள் கிடைக்காமல் வாடியவர்கள் என்று சொன்னால் அபாண்டம். அவர்கள் ஊர் நன்மைக்காகவே வாடினார்கள். சித்திரை மாதம் ஒரு பொதுக்கூட்டத்தில் ஞானசிகாமணி சார் எழுந்து பேசிய பேச்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"நம்ம ஜனங்களுக்குத் தியரியில குறைச்சலே கிடையாது," என்றார் அவர். "ஓய்வுநாள் பள்ளி, உபவாசக் கூட்டம், கன்வென்ஷன், எல்லாத்துலயும் கேட்டுக் கேட்டுக் காது தேஞ்சு போச்சு. பிராக்டிகல்ல சைபர்! நான் முப்பத்திநாலு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்துனவன். அமிலம்னா என்னன்னு ஒரு பய நூறு தடவை எழுதலாம். கையில ஊத்துனாத்தான் அவனுக்குத் தெரியும்."

பின்வரிசையில் யாரோ, "ஊத்தியிருக்கீயளா சார்?" என்றார்கள்.

"ரெண்டு பேருக்கு ஊத்தியிருக்கேன். ரெண்டு பயலும் இன்னைக்கு வெளிநாட்டுல நல்லா இருக்கான்."

சபை கைதட்டியது. அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. அறிந்ததை அன்றாடம் செய்துகாட்டும் 'அனுதின அப்பியாசத் திட்டம்', மொத்தம் மூன்று சோதனைகள். தேறிய குடும்பத்துக்குச் சான்றிதழ். சான்றிதழ் இல்லாத வீட்டில் ஞானஸ்நானம் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, கலியாண ஓலையும் வாசிக்கப்படாது.

கடைசியாகச் சொன்னதில்தான் நல்லதம்பி மாட்டிக்கொண்டான். அவன் மகள் ஷெர்லினுக்கு இலத்தூரில் மாப்பிள்ளை பார்த்துச் செப்டம்பரில் கலியாணம் குறித்திருந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சபைக்கு அறிவித்தாக வேண்டும்.

"ஓலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்ப்பா," என்றாள் ஷெர்லின், அப்பாவின் கன்னத்தில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டே. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருதோம்."

"ஏட்டி, சும்மா இரி," என்று அவள் அம்மா ரெபேக்காள் அதட்டினாள். "இலத்தூர்க்காரவ ஓலை வாசிக்காத பிள்ளையைப் படி ஏத்த மாட்டாவ. இன்னும் ரெண்டு சோதனைதான? அப்பா தாங்கிக்கிடுவா."

நல்லதம்பி தலையாட்டினான். ஆட்டியபோது பல்லும் சேர்ந்து ஆடியது.

இரண்டாம் சோதனை, ஒரு மைல் வரச்சொல்லிப் பலவந்தம் பண்ணுகிறவனோடு இரண்டு மைல் போவது. இதற்குப் பலவந்தம் தேவை என்பதால் கமிட்டியில் இரண்டு பேர் பிரம்போடு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சுமையும் தேவை என்பதால் ஞானசிகாமணி சார் வீட்டு கேஸ் சிலிண்டர் நல்லதம்பியின் தலையில் ஏற்றப்பட்டது. தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற ரோட்டில், சாரல் தூறிக்கொண்டிருக்க, சீசனுக்கு வந்த வெளியூர்க் கார்கள் ஹாரன் அடித்து வேடிக்கை பார்க்க, அவன் நடந்தான். வேகம் குறையும்போதெல்லாம் கெண்டைக்காலில் பிரம்பு விழுந்தது. ஷெர்லின் ஸ்கூட்டியில் தண்ணீர் கொண்டு வந்தாள். காப்பி அடிப்பதற்குச் சமம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் மைல் முடிந்ததும், நோட்டில் எழுதியிருந்தபடி, "ஐயா, இன்னும் ஒரு மைல் வாரேன்," என்று நல்லதம்பி சொல்ல வேண்டும். சொன்னான். ரத்தத்தில் செருப்பு வழுக்கியது. "சிரிச்சுக்கிட்டே சொல்லணும் வே," என்று ஒரு பிரம்பு கூடுதலாக விழுந்தது. பத்துக்கு ஏழு.

மூன்றாவது, சத்துருவைச் சிநேகித்தல். வீட்டுக்கு வந்த படிவத்தில் 'உமது சத்துருவின் பெயர், முகவரி' என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் நல்லதம்பி மூன்று நாள் யோசித்தான். பிறகு செயலர் முன்னால் போய் நின்றான்.

"சார், எனக்குச் சத்துருன்னு யாரும் இல்ல."

ஞானசிகாமணி சார் கண்ணாடியைக் கழற்றினார். "அம்பத்துமூணு வயசு ஆவுது. குத்தாலத்துல பழக்கடை வச்சிருக்கீரு. ஒரு சத்துரு கூடவா சம்பாதிக்கல?"

"அப்படியே காலம் போயிட்டு சார்."

"இதான் நம்ம ஆள்களோட சோம்பேறித்தனம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் வருந்தினார் செயலர். "கரைசலே இல்லாம சோதனைக்கு வந்து நிக்கான். சத்துரு இல்லாம எதை வே சிநேகிப்பீரு? சிநேகிதனையா? அதைத்தான் எந்தப் பயலும் செய்வானே."

விசாரித்ததில், சபையில் முக்கால்வாசிப் பேருக்கு ஒழுங்கான சத்துரு இல்லை என்று தெரிந்தது. பலருக்கு இருந்த சத்துரு சொந்தத் தம்பி. அது குடும்பச் சண்டை, செல்லாது. எனவே கமிட்டியே கூடிச் சத்துருக்களை ஒதுக்கீடு செய்தது. பட்டியல் கோயில் வாசலில் ஒட்டப்பட்டது. பதினேழாம் வரிசையில், நல்லதம்பிக்கு எதிரே, ஜோஷ்வா என்று இருந்தது. பதினெட்டாம் வரிசையில், ஜோஷ்வாவுக்கு எதிரே, நல்லதம்பி.

ஜோஷ்வா குற்றாலத்தில் நல்லதம்பியின் பழக்கடைக்கு அடுத்த கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறார்கள். ஷெர்லினைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று நல்லதம்பி காய்ச்சலில் கிடந்ததால் கூட்டிப்போனவன் ஜோஷ்வாதான். அவனுக்கும் சான்றிதழ் வேண்டியிருந்தது. பேரன் பிறந்து ஆறு மாதம் ஆகியும் ஞானஸ்நானம் நிற்கிறது.

"ஏலே, நீயும் நானும் சத்துருவாம்லே," என்று ஜோஷ்வா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

விதி இதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒருவன் தீமை செய்ய வேண்டும், மற்றவன் நன்மை செய்ய வேண்டும். இரண்டும் நோட்டில் ஏறி இருவர் கையெழுத்தும் வேண்டும். முதல் வாரம் ஜோஷ்வா, "ஒரு கூடையைத் தள்ளிவிடட்டாலே?" என்று கேட்டான். "அந்த ஓரத்துல உள்ளதைத் தள்ளு. அழுகுன மங்குஸ்தான்," என்றான் நல்லதம்பி. தள்ளினான். நல்லதம்பி டீ வாங்கிக் கொடுத்தான். அடுத்த முறை நல்லதம்பி ஜோஷ்வாவை, "போலே சிப்ஸு," என்று திட்டினான். ஜோஷ்வா கால் கிலோ வறுவல் கொடுத்தான். இருவருக்கும் சோதனை பிடித்திருந்தது.

சனிக்கிழமை ஞானசிகாமணி சார் நோட்டைப் பார்வையிட்டுச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

"இது நாடகம். காயம் எங்க?"

"காயமா சார்?"

"தீமைன்னா காயம் இருக்கணும். காயம் இல்லாம மன்னிச்சா அது வெறும் தியரி. அடுத்த சனிக்கிழமை கண்ணுக்குத் தெரியதுமாதிரி எதாவது இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் சைபர்."

திங்கட்கிழமை ஜோஷ்வாவின் முறை. அவன் ஜல்லிக்கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "பேரனை நெனச்சுக்கிட்டு அடிக்கேன். நீ மகளை நெனச்சுக்கிட்டு வாங்கிக்கோ," என்றான். சட்டியில் இருந்து அப்போதுதான் எடுத்த கரண்டி என்பதை அவசரத்தில் கவனிக்கவில்லை. கொதித்த எண்ணெயோடு அது நல்லதம்பியின் முழங்கைக்குக் கீழே விழுந்தது. தோல் கரண்டியோடு போனது. நல்லதம்பி போட்ட சத்தத்தில் அருவிக்குப் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள்.

எதிர்க்கடையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற முத்துராமலிங்கம் ஓடிவந்து இருவரையும் விலக்கினார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். "என்னவே இது? பச்சப் பிள்ளையளா நீங்க?"

"ஒதுங்கிக்கிடும் அண்ணாச்சி," என்றான் நல்லதம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இது கோயில் காரியம்." இடக்கையால் டீ கிளாஸை எடுத்து ஜோஷ்வாவிடம் நீட்டினான். பாதி தரையில் சிந்தியது. ஜோஷ்வா மீதியைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

விவரம் கேட்ட முத்துராமலிங்கம் நல்லதம்பியின் கையில் தண்ணீர் ஊற்றினார். பிறகு, "எங்களுக்கும் சத்துருவை ஒதுக்கித்தான் குடுத்தாவ," என்றார். "பக்கத்துக் கடைக்காரனை ஒதுக்கல."

புதன்கிழமை நல்லதம்பியின் முறை. லேசாக ஒரு தட்டுத் தட்டலாம் என்றுதான் பலாப்பழக் காம்பை எடுத்தான். ஆனால் இரண்டு நாளாகத் தீக்காயத்தில் துணி ஒட்டிக்கொண்டு உயிர் போயிருந்தது. ஓங்கிய கை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. ஜோஷ்வாவின் மோதிர விரல் ஒடிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

"உன் மவ கலியாணத்துக்கு என் விரலை ஒடிச்சிட்டியேலே!"

"உன் பேரனுக்காக என் கையை வறுத்தியேலே, அது மட்டும் நல்லா இருந்துச்சா?"

அதற்குப்பின் யாரும் யாருக்கும் விதியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஜோஷ்வா எடைக்கல்லை எறிந்தான். நல்லதம்பி கொதிக்கிற சட்டியை எட்டி உதைத்தான். நடுவில் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்தார்கள்; கிளாஸை வைக்கிற வேகத்தில் கிளாஸ் உடைந்தது. காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு எங்கே அடிக்கலாம் என்றுதான் நல்லதம்பிக்கு முதல் நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் ஒரு ருசி இருந்தது. அதை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலும் அதே நினைப்புத்தான் வந்தது.

செயலர் நோட்டைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இப்பத்தான் வே சோதனைக்கு வேண்டிய சத்துரு தயாராகியிருக்கான்!"

ஆகஸ்டு மாதக் கடைசி சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, சபை மண்டபத்தில் நேசப் பெருவிழா. இருபத்துமூன்று ஜோடிச் சத்துருக்கள் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். கட்டுப் போடாதவர் ஒருவரும் இல்லை. பாடகர் குழுப் பெண் ஒருத்திக்குக் காதில் பாதி இல்லை. அவளுடைய சத்துரு அதே வரிசையில் பாடுகிறவள். ஞானசிகாமணி சார் மேடையில் இருந்து அந்தக் காயங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருஷம் இதே மண்டபத்துல இதே ஜனங்க உக்காந்து பொங்கல் சாப்பிட்டாவ. ஒருத்தன் மேல ஒரு கீறல் கிடையாது. மன்னிக்கதுக்கு யாருகிட்டயும் ஒண்ணும் கிடையாது. எவ்வளவு தரித்திரமான நிலைமை! மூணே மாசத்துல நம்மளை எங்க கொண்டுவந்து விட்டிருக்கோம், பாருங்க!"

செய்முறையை வேதமாணிக்கம் வாசித்தார். முதல் விசிலுக்கு, சத்துரு தனக்குச் செய்த தீமைகளை ஒவ்வொருவரும் உரத்த குரலில் வாசிக்க வேண்டும். இரண்டாம் விசிலுக்குக் கட்டித் தழுவ வேண்டும். மூன்றாம் விசிலுக்கு உட்கார வேண்டும்.

முதல் விசில் ஊதினார். இரண்டாவதை ஊதவே இல்லை. விசில் அவர் தொண்டைக்குப் போய்விட்டது. யாரோ தள்ளிய பெஞ்சு அவர் மூக்கில் மோதியிருந்தது.

நாற்பத்தாறு பேர் ஒரே நேரத்தில் தீமைகளை வாசித்தால் என்ன ஆகும் என்று பதினோரு வாத்தியார்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பட்டியல் பாதிக்கு வருமுன் மைக் ஸ்டாண்டு ஒருவன் மண்டையில் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி உடைந்தது. ஆர்மோனியம் மேலே போய்க் கீழே வந்தது. செயலரின் கன்னத்தில் யாரோ விட்டார்கள். அவர் மறு கன்னத்தைக் காட்டாமல், "போலீஸைக் கூப்பிடுங்கலே!" என்று கத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போனார். தேர்வு நடத்துபவருக்குத் தேர்வில் இருந்து விலக்கு உண்டு என்பதால் அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

நல்லதம்பியும் ஜோஷ்வாவும் மண்டபத்தின் நடுவில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஜோஷ்வா தலையால் முட்டினான். ஆடிக்கொண்டிருந்த பல் நல்லதம்பியின் தொண்டைக்குள் போனது. அவன் கையில் ஒரு இரும்பு மடக்கு நாற்காலி கிடைத்தது. ஓங்கினான். ஓங்கும்போது அவனுக்கு மகளும் நினைவில் இல்லை, ஓலையும் நினைவில் இல்லை. அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்காலி ஜோஷ்வாவின் தாடையில் இறங்கியது. ஜோஷ்வா சத்தமே இல்லாமல் விழுந்தான். தலைக்கு அடியில் ரத்தம் பரவியது.

நல்லதம்பி நாற்காலியைப் போட்டுவிட்டு அவன்மேல் விழுந்தான். தலையை மடியில் எடுத்து இறுகக் கட்டிக்கொண்டான். "ஏலே ஜோஷ்வா! கண்ணைத் தொறலே! நான் பாவிலே, தொறலே!" என்று அலறினான். ஜோஷ்வா திறக்கவில்லை.

வேதமாணிக்கம் வாத்தியார் மூக்கில் ரத்தம் ஒழுக அந்தப் பக்கம் வந்தார். எந்த நிலையிலும் கடமை தவறாதவர். குனிந்து பார்த்தார். பதினேழாம் எண், தழுவிவிட்டார், கண்ணீரும் உண்டு: பத்துக்குப் பத்து. பதினெட்டாம் எண், தழுவவில்லை: சைபர்.

இப்படியாக நல்லதம்பி அந்த வருஷம் சபையிலேயே முதலாவதாகத் தேறினான். சான்றிதழை ரெபேக்காள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். ஜோஷ்வா எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நல்லதம்பி மூன்று தடவை போனான். மூன்று தடவையும் ஜோஷ்வாவின் மனைவி வார்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே விடவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். குருவானவர் ஷெர்லின் பேரையும் இலத்தூர் மாப்பிள்ளை பேரையும் வாசித்துவிட்டு, வழக்கம்போல, இந்த விவாகத்துக்கு யாருக்கேனும் ஆட்சேபணை உண்டானால் இப்போதே சொல்லலாம் என்றார். யாரும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் விசாரணை முடியும்வரை கலியாணம் நிற்கும்.

நாலாவது பெஞ்சில் ஜோஷ்வா எழுந்து நின்றான்.

தாடைக்குக் கம்பி போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தது. ரெபேக்காள் நல்லதம்பியின் கையைப் பிடித்தாள். தீக்காயத்தில் அவள் நகம் பதிந்தது. செய்யட்டும், என்று நினைத்தான் நல்லதம்பி. அவனுக்கு அந்தப் பாத்தியதை உண்டு.

"பிள்ளை நல்ல பிள்ளை," என்றான் ஜோஷ்வா, திறக்க முடியாத வாய்க்குள் இருந்து. "எனக்கு ஆட்சேபணை இல்லய்யா. வாசிங்க." உட்கார்ந்துவிட்டான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஞானசிகாமணி சார் நல்லதம்பியை மடக்கினார். "ஜோஷ்வா செஞ்சதைப் பாத்தீரா? அருமையான செய்முறை. ஆனா அட்டவணையில இல்ல, தேர்வாளரும் இல்ல. மார்க் போட வழியில்ல. ஜனவரியில திரும்ப எழுதட்டும். அவருக்கு சத்துரு நீருதான். மாத்தல."

"சார், நான் இப்பமே போய் அவன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கப் போறேன்."

செயலர் பதறினார். "கெடுத்துராதேயும்! நீரு சமாதானம் ஆயிட்டீருன்னா அவருக்குச் சத்துரு ஏது? சத்துரு இல்லன்னா தேர்வு ஏது? பேரன் ஞானஸ்நானம் என்ன ஆவது? அவர் மேல உமக்கு உண்மையிலே நேசம் இருந்தா, ஜனவரி வரைக்கும் பகையா இரும்."

நல்லதம்பி அவரைத் தள்ளிவிட்டுப் போனான். வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில் ஜோஷ்வா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நல்லதம்பி அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான். அழுதான்.

ஜோஷ்வா குனிந்து பார்த்தான். அவன் கண்ணும் நிறைந்துவிட்டது. கட்டுப் போட்ட கை நல்லதம்பியின் தலைக்குப் பக்கம் வரை வந்தது. கோயில் வாசலில் செயலர் நோட்டோடு நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோஷ்வாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"விடுலே," என்றான் மெதுவாக. "அவரு பாக்காரு."

"கலியாணத்துக்காவது வாலே. நீ இல்லாம எப்படிலே?"

ஜோஷ்வா காலை உருவிக்கொண்டான். நாலு அடி நடந்துவிட்டு நின்றான், திரும்பவில்லை.

"ஜனவரி கழியட்டும்லே," என்றான். "அதுக்கப்புறம் வீட்டுக்கு வா."